ஏத்தம் வருது, எறங்குங்க

அந்த அக்காவின் காரில் ஏறியவர்கள் எல்லாரும் பாதி வழி நடந்தவர்கள்தான். கேலியாகச் சொல்லவில்லை. நானே நடந்திருக்கிறேன், மழையில், ஒரு கையில் குடையும் மறு கையில் சப்பாத்துமாக, காருக்குப் பின்னால் மூச்சு வாங்க நடந்திருக்கிறேன். தெமோதரைக்குக் கீழே இருக்கிற எங்கள் தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டைப் பிடிக்க ஒரு செங்குத்தான ஏத்தம் உண்டு. அதன் அடிக்கு வந்ததும் அக்கா காரை நிறுத்தி, கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து, "ஏத்தம் வருது, எறங்குங்க" என்பார். நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் மட்டும் விலக்கு. மற்றபடி கோயில் தலைவராகவே இருந்தாலும் இறங்கத்தான் வேண்டும்.

ஒரு தடவை கல்யாணத்துக்குப் புறப்பட்ட பட்டு வேட்டிக்காரர் ஒருவர் எகிறினார்.

"காசு குடுத்துத்தானே வர்றோம்?"

"காசு எனக்குக் குடுக்கிறீங்க. சொமக்கிறது காரு. காருக்கு என்ன குடுத்தீங்க?"

அவர் இறங்கிவிட்டார். வேறென்ன செய்வது? எங்கள் தோட்டத்து டிவிசனில் ஹயருக்கு ஓடிய கார் அது ஒன்றுதான்.

கார் அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். சொந்தப் பெயரை இங்கே எழுதினால் எனக்குத்தான் ஏச்சு விழும், அதனால் எழுதவில்லை. குவைத்தில் பல வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர். அப்படிப் போய் வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் தோட்டத்து வரிசை வீடான லயத்து அறைக்கு முன்னால் இன்னொரு அறை இழுத்துக் கட்டுவார்கள், நகை செய்வார்கள், பிள்ளைக்குச் சடங்கு வைப்பார்கள். அக்கா மட்டக்களப்புப் பக்கம் போய் ஒரு பழைய கார் வாங்கிக்கொண்டு வந்தார். நம்பர் பிளேட்டில் ஸ்ரீ எழுத்துப் போட்ட அந்தப் பழங்காலத்துக் கார். "கூரை ஒழுகுது, இதுக்குக் காரு கேக்குது" என்று பீலியடியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள். கார் ஓட்ட எங்கே பழகினீர்கள் என்று கேட்டால், குவைத்தில் வீட்டுக்கார அம்மா பாலைவனத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார் என்பார். நான் இதில் பாதியைத்தான் நம்பினேன். லைசன்ஸ் இருந்தது, அது போதும்.

கார் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெட்ரோல் குடிப்பதில்தான் மகா மோசம். அந்தக் கவலை முதலில் அக்காவுக்கு மட்டும் இருந்தது. பிறகு எனக்கும் வந்தது. எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டிருந்தன. செவ்வாயும் வெள்ளியும் பதுளை ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தப்படுத்த வேண்டும். அவளுக்குக் கிடைத்தது காலை முறை. அந்த நேரத்துக்கு ஒத்துவருகிற ரயில் இல்லை. பஸ்ஸில் அவளால் நிற்க முடியாது, திரும்பும்போது தலையைத் தூக்கவே முடியாது. ஆகவே அக்காவின் கார். நாடு முழுக்கப் பெட்ரோல் இல்லாமல் போன காலம் வரும்வரை இதில் ஒரு சிக்கலும் இருக்கவில்லை. பிறகு போனில் கியூஆர் காட்டி, வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து வாங்குகிற நிலைமை வந்தது. அந்த அளவில் அக்காவின் கார் செவ்வாய்க்கிழமை போய் வரும். வெள்ளிக்கிழமை போகும், வராது. பதுளைக்குப் போவது பெரும்பாலும் இறக்கம். வருவது முழுக்க ஏத்தம்.

ஒரு வெள்ளி தவறியது. ஞாயிற்றுக்கிழமை என் மனைவிக்கு முகமெல்லாம் ஊதிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். பார்க்க வந்த அக்கா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, காலில் விரலை வைத்து மெதுவாக அமுக்கினார். அமுக்கிய இடம் குழியாகவே நின்றது, மேலே வரவில்லை. அக்கா அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும், பழைய பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடம் சொன்னார்: "மாஸ்டர், இனிமே வெள்ளிக்கிழமை தவறாது."

"பெட்ரோலுக்கு எங்க போவீங்க அக்கா?"

"பெட்ரோலுக்குப் போகல. அது குடிக்கிறதைக் கொறைக்கிறேன். எத்தனை குடிகாரனைப் பாத்திருக்கேன் இந்த லயத்துல, இது ஒரு காரு."

அன்றிலிருந்து அக்கா வேறு ஆளாகிவிட்டார். ஏற்கெனவே கொஞ்சம் அப்படித்தான், இப்போது முழுசாக. முதலில் பாரத்தைக் குறைத்தார். கூரை மேலிருந்த கரியர் கழன்றது. டிக்கியில் எப்போதும் கிடக்கும் சாக்கு, கயிறு, மண்வெட்டி எல்லாம் வீட்டுக்குள் போயின. ஸ்பெயார் டயரையும் ஜெக்கையும் மட்டும் விட்டுவைத்தார். டேஷ்போர்டில் ஒரு வெண்கல மாதா சிலை இருந்தது, கையளவு உயரம், நல்ல கனம். ஒருநாள் பார்த்தால் அந்த இடத்தில் காகிதப் படம் ஒட்டியிருக்கிறது.

"ஐயோ அக்கா, மாதா கோவிச்சுக்க மாட்டாங்களா?" என்று என் மனைவி பதறினாள்.

"மாதாவே புள்ளைத்தாய்ச்சியா கழுதை மேல போனவங்க தங்கச்சி. பாரம்னா என்னான்னு அவங்களுக்குத் தெரியும்."

எல்லாம் சரியாகவே செய்தார் என்று நினைக்க வேண்டாம். பண்டாரவளையில் எவனோ ஒருவன் பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டினால் பாதிக்குப் பாதி மிச்சம் என்று சொல்லி ஒரு காந்தத்தைத் தலையில் கட்டிவிட்டான். அக்கா அதைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் ராணி மாதிரி ஓடினார். மிச்சமும் இல்லை, மண்ணும் இல்லை. காந்தம் கடைசியில் என் மகளின் தையல் பெட்டிக்கு வந்து சேர்ந்தது, ஊசி பொறுக்க. "படிச்ச மனுசன் நீங்களாச்சும் சொல்லியிருக்கலாம்ல?" என்று என் மேல் பாய்ந்தார். நான் எங்கே சொல்வது? நானும் ஆவலாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்ரோல் ஷெட் வரிசையில் எஞ்சினைப் போடவே மாட்டார். வரிசை நகரும்போதெல்லாம் இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தோளால் தள்ளுவார். பின்னால் நிற்கிற திரிவீல்காரர்கள் ஓடிவந்து கை கொடுப்பார்கள். ஓட்டுவதிலும் அப்படியே. பிரேக்கை மிதிப்பது அவருக்குப் பெட்ரோலைத் தரையில் ஊற்றுகிற மாதிரி. மாடு ரோட்டைக் கடக்குமா, பள்ளிக்கூடம் விட்டிருக்கிறதா, வளைவில் பஸ் வருகிறதா என்று தூரத்திலேயே கண்டுபிடித்து அதற்குத் தகுந்த மாதிரி காலை எடுத்துக்கொண்டே வருவார். "கண்ணால ஓட்டணும் மாஸ்டர். காலு சும்மா கூட வரணும்" என்பார்.

மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். இந்த முறையை அக்கா வேதவாக்காக எடுத்துக்கொண்டவர். ஏத்தத்தில் நின்று மறுபடி எடுத்தால் பெட்ரோல் கரைந்துவிடுமே! ஒருநாள் திரும்பி வரும்போது எல்ல ஊரிலிருந்து டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு வந்த வேன் ஒன்று நடு ரோட்டில் எதிரே மறித்துக்கொண்டு நின்றது. அக்கா தலையை வெளியே நீட்டி ஏச ஆரம்பித்தார். தமிழிலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை, அரபியில். அத்தனை வருஷம் குவைத்தில் வாங்கியதையெல்லாம் அந்த டிரைவருக்குத் திருப்பிக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். அவன் மிரண்டுபோய் வேனைப் பின்னால் எடுத்தான். உள்ளே இருந்த வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். என் மனைவி, மெஷினில் கிடந்து வந்த களைப்பிலும், சீட்டில் சாய்ந்தபடி சிரி சிரியென்று சிரித்தாள்.

இத்தனை சிக்கனத்திலும் ஒரு இடத்தில் மட்டும் அக்கா அசையமாட்டார். எங்கள் பக்கத்து டிரைவர்கள் பலர் நீண்ட இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். ஒரு சொட்டு செலவில்லாமல் வண்டி தானாக ஓடும். அக்கா மட்டும் கியரிலேயே, எஞ்சின் முனகிக்கொண்டு வர, நிதானமாக இறங்குவார். ஹாலிஎலைக்கு மேலே ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பெட்ரோல் முள் அடியில் கிடப்பதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, எஞ்சினை நிப்பாட்டி நியூட்ரல்ல விடுங்க. எல்லாரும் அப்படித்தானே எறங்குறாங்க? வர்றதுக்குப் பத்தாமப் போனா இவளை எங்க வச்சுக்கிறது?"

"வாயை மூடிக்கிட்டு வாங்க."

"எனக்கு என் பொண்டாட்டி முக்கியம்!" என்று நானும் கத்தினேன்.

அக்கா காரை ஓரமாக நிறுத்தினார். பெட்ரோல் மிச்சத்தையும் மறந்து, ஏத்தமா இறக்கமா என்றும் பாராமல் நிறுத்தினார். திரும்பி என்னை நேராகப் பார்த்தார்.

"நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிஞ்சும் மாஸ்டர். பிரேக் சூடேறிப் பிடிக்காமப் போச்சுன்னா பெட்ரோல் மட்டுந்தான் மிஞ்சும்."

அன்றைக்குத் திரும்பும்போது பெரிய ரோட்டில், எங்கள் தோட்டத்துக்குத் திரும்புகிற இடத்துக்கு முந்தைய ஏத்தத்தின் அடியில் கார் நின்றேவிட்டது. தேயிலை மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து தள்ளினார்கள். நானும் தள்ளினேன். என் மனைவி உள்ளே படுத்திருந்தாள். அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கதவுக்கு வெளியே ஒரு காலை ஊன்றித் தானும் தள்ளினார். மேலே வந்ததும் யாரிடமும் பேசாமல் போய்விட்டார். அவமானம். தன்னுடைய கார் மற்றவர் முதுகில் ஏறியதை அவரால் தாங்க முடியவில்லை.

அதற்கு அடுத்த வாரத்தில்தான் பூனை விஷயம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சாம்பல் பூனை இருந்தது. பதுளை எங்கள் ஊரளவு குளிர் இல்லை என்றாலும் காலையில் சிலுசிலுவென்றுதான் இருக்கும். வண்டி வந்து நின்றால் அந்தப் பூனை பொனட்டில் ஏறிச் சுருண்டுகொள்ளும், சூட்டுக்கு. அக்கா எங்களை இறக்கிவிட்டு அங்கேயே காத்திருப்பார், பூனையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மெஷின் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது ஓடிவந்தார்.

"மாஸ்டர், அந்தப் பூனை எல்லா வண்டி மேலயும் ஏறிப் படுக்குது. நம்ம வண்டியை மோந்து பாத்துட்டுப் போயிடுது. செவ்வாக்கெழமையும் இதான் செஞ்சுச்சு."

"அதுக்கென்ன அக்கா?"

"நம்ம எஞ்சின் சூடாகவே இல்ல!"

என் மனைவியை வீட்டில் விட்டுவிட்டு, மறுநாளே பண்டாரவளை கராஜில் போய் நின்றோம். கராஜ் பாஸ் பழைய மெக்கானிக், பொறுமையானவர். திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். எஞ்சின் சூடேறும் வரைக்கும் தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மறித்து வைக்கிற ஒரு சின்ன வால்வு உண்டு. அது அங்கே இல்லை. மட்டக்களப்பு வெயிலில் வண்டி கொதிக்காமல் இருக்க யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். அந்த ஊருக்கு அது வைத்தியம். எங்கள் குளிரில் எஞ்சின் நாள் முழுக்க நடுங்கிக்கொண்டே ஓடியிருக்கிறது. குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலை அள்ளி அள்ளிக் குடிக்குமாம்.

"போட்டுத் தர்றேன் அக்கா. ஆனா ஏத்தத்துல கொதிச்சா என்னை ஏசக் கூடாது" என்றார் பாஸ்.

"கொதிச்சா நானே எறங்கி விசுர்றேன். போடுங்க."

உடைத்துப் போட்ட இன்னொரு காரிலிருந்து அந்த வால்வு கிடைத்தது. அப்படியே பின்சக்கரம் ஒன்றில் பிரேக் உரசிக்கொண்டிருந்ததையும் பாஸ் சரிசெய்தார். சரிவில் நிறுத்துகிறோம் என்று நாங்கள் எல்லாரும் ஹேண்ட் பிரேக்கை உயிரைக் கொடுத்து இழுப்போமே, அதில் கேபிள் சிக்கி முழுசாக விடுபடாமல் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு நிறுத்தும்போது சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைத்து, பிரேக்கை அளவோடு இழுத்தார் அக்கா.

செவ்வாய்க்கிழமை வந்தது. பதுளையிலிருந்து திரும்பும் ஏத்தம் முழுக்க நான் சூடு காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். முள் ஏறியது. நடுவில் வந்து நின்றது. அதற்கு மேல் போகவில்லை. அக்கா ஜெபம் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். அந்த வெள்ளிக்கிழமை போனோம், வந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பூனை எங்கள் பொனட்டில் ஏறிப் படுத்தது. அக்கா அதற்கு ஒரு மாலு பணிஸ் வாங்கி, உள்ளே இருந்த மீனைப் பிரித்துப் போட்டார். வாரக் கடைசியில் டேங்கில் கொஞ்சம் மிஞ்சியும் இருந்தது. அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை. சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஒரு பூனையைப் பார்த்து என் மனைவியைக் காப்பாற்றிய மனுஷி அவர்.

கியூஆர் காலம் முடிந்தது. பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தது, விலைதான் கிட்டப் போக முடியாதபடி ஏறியிருந்தது. ஹயர் படுத்துவிட்டது. லயத்துக் கூரை இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் செவ்வாயும் வெள்ளியும் அக்கா வாசலில் வந்து ஹார்ன் அடிப்பார். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை முன்சீட்டில் ஒரு தடித்த மனிதர் உட்கார்ந்திருந்தார். தடித்த என்றால் சாதாரணத் தடிப்பு இல்லை, கார் அந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. எல்ல ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் என்று முகம் தெரியும்.

"இவரு எதுக்கு அக்கா?" என்று காதோடு கேட்டேன்.

"கொஞ்ச நாளைக்கு நம்ம பாரம்" என்றார் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதா சிலையை இறக்கியவர், என்னை மழையில் நடக்க விட்டவர், இப்போது ஒரு மூட்டை அரிசிக்கு மேல் கனமான மனிதரை ஏற்றிக்கொண்டு போகிறார்! ஏத்தத்தில் அவரும் இறங்கி என் கூடவே நடந்தார், பாவம், வியர்த்துக் கொட்டியது. "எதுக்குங்க வர்றீங்க?" என்று கேட்டேன். "அந்தம்மா வரச் சொன்னாங்க, வந்தேன்" என்றார். அடுத்த தடவையும் வந்தார். அதற்கடுத்த தடவை ஓட்டுகிற இடத்தில் அவர் இருந்தார், அக்கா பக்கத்தில். "காலை எடுங்க, காலை எடுங்க, தூரத்துல பஸ் தெரியுதுல்ல?" என்று பதுளை வரைக்கும் வைதுகொண்டே வந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அவரைக் கையைப் பிடித்து மெஷின் அறை வாசல் வரை கூட்டிக்கொண்டு போனார். உள்ளே வரிசையாகக் கட்டில்கள், குழாய்கள், என் மனைவியின் கட்டில் கடைசி.

"நல்லாப் பாத்துக்கங்க" என்றார். அந்த மனிதர் கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

அன்று சாயந்தரம் அக்கா என் வீட்டு வாசலில் நின்று சொன்னார்: "விசா வந்துருச்சு மாஸ்டர். காரை வித்துட்டேன்."

"நல்லா இருக்கு அக்கா! இவ்வளவு நாளும் கூட்டிட்டுப் போயிட்டு இப்ப நட்டாத்துல விட்டுட்டுப் போறீங்க. இவ என்ன ஆவான்னு யோசிச்சீங்களா?"

அக்கா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"காரைத்தான் வித்தேன். செவ்வாக்கெழமையையும் வெள்ளிக்கெழமையையும் விக்கல. அந்த ரெண்டு நாளும் வண்டி தங்கச்சிக்கு. அந்தப் பேச்சுலதான் குடுத்திருக்கேன். கேட்டு வந்தவங்க நாலஞ்சு பேரு. எல்லாரையும் ஓட்டிக் காட்டச் சொன்னேன். ஒவ்வொருத்தனும் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்கிறான், இல்லாட்டி நியூட்ரல்ல விடுறான். இவரு ஒருத்தருக்குத்தான் அவசரம் இல்ல. பாரமானவரு, அது ஒண்ணுதான் கொறை. மெலியச் சொல்லியிருக்கேன்."

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வெளியே வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

அக்கா போன பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை, சொன்ன நேரத்துக்கு முன்னமே வாசலில் ஹார்ன் கேட்டது. அந்த மனிதர் இறங்கி என் மனைவிக்குக் கதவைத் திறந்துவிட்டார். முகம் கொஞ்சம் சிடுசிடுப்பாக இருந்தது.

"அந்தம்மா நேத்து குவைத்துல இருந்து போன் பண்ணிட்டாங்க மாஸ்டர். நாளைக்குச் செவ்வாக்கெழமைன்னு ஞாபகப்படுத்துறாங்க. ஏன், எனக்குத் தெரியாதா?"

வருஷம் கடந்துவிட்டது. இன்னமும் திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் அவருக்குப் போன் வருகிறது.